நான் குடிக்காமல் விட்ட பாதி

முதல் அடி முதுகில் விழுந்தது. யார் என்று திரும்பிப் பார்த்தேன். அது தவறு. இரண்டாவது அடி மூக்கில் விழுந்தது.

விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு திண்டிவனம். காலையில் ரயிலுக்கு, மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) மண்டிகள் இருக்கும் தெரு வழியாக நடப்பது வழக்கம். அன்றைக்கு அந்தத் தெருவில், மூட்டை இறக்குகிறவர்களும் தராசுக்காரர்களும் என் பழைய மாணவர்கள் இரண்டொருவரும் வேடிக்கை பார்க்க, ஒரு பெண்மணி என்னை முறத்தால் அடித்துக்கொண்டிருந்தாள். மல்லாட்டை புடைக்கிற முறம். புலியை முறத்தால் அடித்து விரட்டிய தமிழ்ப்பெண்ணைப் பற்றி வருடாவருடம் வகுப்பில் பெருமையாகச் சொல்லி வருகிறேன். புலியின் தரப்பை யாருமே பதிவு செய்யவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. புலிக்காவது மூங்கில் முறம். இப்போது தகரத்தில் வருகிறது.

"ஏன்ணா, நீ மட்டும் யோக்கியனாயிட்ட. உன் பாதிய எவன் குடிப்பான்?"

"எந்தப் பாதிம்மா?" என்றேன் மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"எந்தப் பாதியா? எம் புருசனோட குந்திக்கினு வருசக்கணக்கா பாதி பாதியா குட்சியே, அந்தப் பாதி! இப்ப அதையும் சேத்து அந்தாளே குடிக்கிறான். நல்லா கீதா நாயம்?"

நாயம் எங்கே இருக்கிறது என்று யோசிப்பதற்குள் மூன்றாவது அடி.

குடிக்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் 'கடை' என்று மொட்டையாகச் சொன்னால் ஒரே ஒரு கடைதான். அங்கே தனியாக வருகிறவன் கவுன்ட்டர் பக்கத்தில் நின்று, எதிரே வருகிறவனைப் பார்த்து "கட்டிங்?" என்று கேட்பான். முன்பின் தெரியாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு குவார்ட்டர் வாங்கி, இரண்டு பிளாஸ்டிக் டம்ளரில் சரிபாதியாக ஊற்றி, குடித்துவிட்டு, பெயர்கூடக் கேட்காமல் பிரிந்து போவார்கள். நீ எந்தத் தெரு, எந்த ஆள் என்று விசாரிக்காமல் இரண்டு பேர் ஒரே பாட்டிலில் பங்கு போடுகிற சமத்துவம் எங்கள் ஊரில் அங்கே மட்டும்தான் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு நாங்கள் கொடுத்த விலை ஈரல்.

நான் அப்படிக் 'கட்டிங்' கேட்டு நின்ற ஒரு சாயங்காலம் கிடைத்தவர்தான் இந்த அம்மாளின் கணவர். மண்டிகளுக்கு மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். பெரிய மீசை, சின்னக் கோபங்கள். முதல் நாளே என் தோளைத் தட்டி, "பாதி பாதி பிரிச்சாச்சு. இனிமே நீ எனக்கு பங்காளி" என்றார். பங்காளி என்றால் சொத்தில் பங்கு உள்ள ரத்த உறவு. அவர் மாதாகோயில் தெரு, நான் வேறு தெரு. என் உண்மையான பங்காளிகள் காதில் விழுந்திருந்தால் வெட்டுக்குத்து ஆகியிருக்கும். எங்களுக்குச் சொத்து என்று இருந்தது அந்த ஒரு பாட்டில்தான். அதில் ஒருநாளும் தகராறு வந்ததில்லை.

பிறகு நான் குடியை விட்டேன். திருந்தினேன் என்று சொல்ல மாட்டேன், பயந்தேன். ஸ்கேன் படத்தைக் காட்டி டாக்டர் ஒரு நிழலைச் சுட்டினார். அது என் ஈரல் என்றார். நம்ப முடியாத அளவுக்கு அது ஒரு பழைய ஷூ மாதிரி இருந்தது. விழுப்புரத்தில் ஒரு சர்ச் ஹாலில் ஞாயிறுதோறும் கூடும் குடிவிட்டவர்கள் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். பங்காளியிடம் சொல்லிக்கொள்ளாமலே நின்றுவிட்டேன்.

அவர் வேறு ஆளைத் தேடியிருக்கலாம். தேடவில்லை. "கண்டவனோட பாதி போடறதுக்கு நான் இன்னா அலைஞ்சிக்கினா கீறேன்?" என்று சொல்லிவிட்டாராம். முழுக் குவார்ட்டரையும் வாங்கி, இரண்டு டம்ளரில் ஊற்றி, முதலில் தன்னுடையதைக் குடித்து, பிறகு "வரமாட்டான் போல" என்று என்னுடையதையும் குடித்திருக்கிறார். தினமும். ஒரு மனிதர் என் மேல் இவ்வளவு விசுவாசம் வைத்திருந்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

"கண்ணு ரெண்டும் மஞ்சாப் பூத்துக் கெடக்குது," என்றாள் அந்த அம்மாள். முறம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. "காலு வீங்கி செருப்பு ஏற மாட்டேங்குது. இப்பிடியே முழுசா குட்சிக்கினு இருந்தா பொங்கலு தாண்டாதுன்னுட்டாரு டாக்டரு."

"பாதி குடிச்சா?"

"பாதிய பத்தி அவரு ஒண்ணியும் சொல்லல. சுத்தமா உடச் சொன்னாரு. உடற ஜென்மமா அது? அதான் சொல்றேன். இன்னிக்கே வந்து குந்து. உன் பாதிய நீ குடி. எம் புருசன் பாதியோட பொழச்சிக்குவான்."

ஒரு உயிரைக் காப்பாற்ற நான் மறுபடி குடிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். குடித்த காலத்தில் இந்த மாதிரி ஒரு காரணம் கிடைக்காதா என்று எவ்வளவு ஏங்கியிருக்கிறேன்!

"நான் உன் வீட்டுக்காரருக்குப் பங்காளின்னா உனக்குப் புருசனோட அண்ணன், மூத்தார் முறைம்மா. அண்ணாங்கிறியே," என்றேன், பேச்சை மாற்ற.

"மூத்தாருன்னா கை நீட்டக் கூடாது. அண்ணன்னா அடிக்கலாம்," என்றாள். அடித்தாள்.

அன்று மாலை அவள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். என் மனைவியும் அவளும் சமையலறையில் உட்கார்ந்து பேசினார்கள். ஐஸ் கட்டியை மூக்கில் வைத்துக்கொண்டு நான் வெளியே காத்திருந்தேன். வந்து தீர்ப்புச் சொன்னது என் மனைவி.

"போய் உக்காருங்க. பாதிய வாங்குங்க. அவரு பாக்காதப்ப கீழ ஊத்திடுங்க. அவருக்குப் பாதியோட முடிஞ்சிடும். அதுக்குள்ள அந்தம்மா எப்பிடியாச்சும் பேசி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடும்."

"நாக்குல ஒரு சொட்டு பட்டுட்டா?"

"அவங்க தகரத்தால அடிச்சாங்க. நான் குக்கரால அடிப்பேன்."

"எந்தக் குக்கர்?"

"அஞ்சு லிட்டரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஹாலில் இந்தத் திட்டத்தைச் சொன்னேன். தீயோடு விளையாடுகிறாய் என்றார் ஒருவர். ஒரு உயிருக்காகச் செய்யலாம் என்றார் இன்னொருவர். முதலாமவர் இரண்டாமவரைப் பார்த்து, நீ விட்டதே பொய் என்றார். பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. ஒருவருக்குப் புருவம் கிழிந்தது. குடித்திருந்தால்கூட இவ்வளவு சேதம் ஆகியிருக்காது. குடித்தவனுக்குக் குறி தப்பும்.

கடையை ஒட்டிய கொட்டகை மாறவில்லை. கீற்றுக் கூரை, மணல் தரை, ஆடுகிற மேசைகள். பங்காளி மாறியிருந்தார். முகம் வற்றி, வயிறு மட்டும் பானை மாதிரி முன்னால் நின்றது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பிறகு கட்டிப்பிடித்து அழுதார்.

"எங்கடா போன, பேமானி? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனியா?"

இரண்டு டம்ளர் வந்தது. ஊற்றினார். அவர் அண்ணாந்து குடித்த அந்தக் கணத்தில் நான் என் டம்ளரை மேசைக்குக் கீழே சாய்த்தேன். மணல் அதை உறிஞ்சிய சத்தம் எனக்குக் கேட்டது. வாசனை மேலே வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தது. மண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

ஊற்றினால் மட்டும் போதாது, போதையும் ஏற வேண்டும். குடித்துவிட்டுக் குடிக்காதவனாக நடிப்பதில் எனக்குப் பல வருட அனுபவம் உண்டு. குடிக்காமல் குடித்தவனாக நடிப்பது வேறு கலை. நாக்கைக் குழறவிட்டேன், அவர் "இன்னா, பல்லு வலியா?" என்றார். தள்ளாடினேன், "செருப்பு வாரு அறுந்துச்சா?" என்றார். ஆனாலும் திட்டம் வேலை செய்தது. தினமும் பாதியோடு அவர் எழுந்து வீட்டுக்குப் போனார். சில நாள் கழித்து மண்டித் தெருவில் அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாளைக்கு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாகவும், தலையாட்டிவிட்டார் என்றும் சொன்னாள்.

அன்று மாலை கொட்டகையில்தான் ஒரு அவித்த மல்லாட்டை மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. பங்காளி அதை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் எழவில்லை. ஒரு கையால் மணலைத் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஊத்தினியா?"

நான் காலால் மணலைத் தள்ளி மூடப் பார்த்தேன்.

"தெனமும் ஊத்தினியா?"

குடிக்காமல் ஏமாற்றிவிட்டேன் என்று அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தில் வந்தது கோபமில்லை. பயம். எங்கள் பக்கத்தில் சாராயத்தை மண்ணில் ஊற்றுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். செத்தவருக்குப் பிடித்ததைச் சமாதியில் ஊற்றுவோம். அவர் தெருவில் கல்லறைத் திருநாளன்று, மெழுகுவத்தி ஏற்றி, பூ வைத்து, சாமியார் மந்திரித்துவிட்டுப் போன பிறகு, ஆண்கள் மட்டும் திரும்பி வந்து அப்பனுக்கோ அண்ணனுக்கோ ஒரு பாதியை ஊற்றுவார்கள். நான் குடியை விடுவதற்கு முன், போன வருட நவம்பரில் அவர் தன் அப்பாவுக்கு ஊற்றியபோது பக்கத்தில் நின்றிருந்தவன் நான்தான். இதையெல்லாம் தெரிந்தும், மேசைக்குக் கீழே ஊற்றியபோது ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. தமிழ் வாத்தியார், சடங்குகளைப் பற்றிக் கட்டுரை எல்லாம் எழுதியிருக்கிறேன்.

"யாருக்குடா ஊத்தின?" என்றார். குரல் கிறீச்சிட்டது. "எனக்கா? எதுத்தாப்புல என்னை உக்கார வெச்சிக்கினு எனக்கே ஊத்தினியா? நான் செத்துட்டனாடா?"

நான் சொல்லியிருக்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. பதற்றத்தில் வாயில் வந்தது இதுதான்.

"இன்னும் இல்ல."

முக்காலி என் தோளில் இறங்கியது. மேசை கவிழ்ந்தது. பாட்டிலை எடுத்துத் தூணில் அடித்து உடைத்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு என் மேல் பாய்ந்தார். காதுமடல் கிழிந்து, சூடாகக் கழுத்தில் வழிந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் டம்ளர்களைக் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்கினார்கள். நான் வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை. மாணவர்களைக்கூட மதிப்பெண்ணால்தான் அடிப்பேன். அன்றைக்குக் கையில் கிடைத்த அலுமினியச் சொம்பால் அவர் வாயிலேயே ஓங்கி அடித்தேன். பற்கள் உடைந்த சத்தம், மல்லாட்டைத் தோடு மிதிபடுகிற சத்தம் மாதிரி இருந்தது. இன்னொரு முறையும் அடித்தேன். அது தேவைப்படவில்லை. ஆனால் அடித்தேன்.

அவர் மண்டிபோட்டு உட்கார்ந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாந்தியெடுத்தார். கறுப்பாக, கட்டி கட்டியாக ரத்தம். நிற்கவேயில்லை. நான் தினமும் ஊற்றிய அதே இடத்தில் மணல் அதையும் குடித்தது.

ஆம்புலன்சில் முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரி வரை அவர் தலையை நான் பிடித்துக்கொண்டேன், கால்களைச் செய்தி கேட்டு ஓடிவந்த அவர் மனைவி பிடித்துக்கொண்டாள். நினைவு வந்தபோதெல்லாம் அவர் என்னை உதைத்தார். அவள் அவர் மார்பில் குத்தினாள். "சாவுடா, சாவு, எங்கள வுட்டுட்டு நிம்மதியா சாவு!" என்று அழுதாள். அடுத்த மூச்சில் என் பக்கம் திரும்பி, "இன்னும் இல்லன்னியாமே? வாயில இன்னா மயித்துக்கு அப்பிடி வருது?" என்று என் கிழிந்த காதிலேயே ஒன்று வைத்தாள்.

என் அடியால்தான் அது என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த டாக்டர், ஈரல் கெட்டதால் உள்ளே புடைத்திருந்த ரத்தக்குழாய் வெடித்ததுதான் காரணம், அடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க அடிச்சு அப்பிடியெல்லாம் ஆகாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. சொந்தக்காரர்கள் யாராவது பதிலுக்குக் கொடுக்க முடியுமா என்று சிஸ்டர் கேட்டார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

கொட்டகையில் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை, வெளிச்சத்தில், ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டியிருந்தபோது சட்டென்று வெளியே வரவில்லை. என் தெருக்காரர் ஒருவர் பக்கத்துப் படுக்கைக்குத் துணையாக வந்திருந்தார். அவர் காதைத் தீட்டிக்கொண்டது தெரிந்தது.

"பங்காளி," என்றேன்.

கொடுத்தேன். குடித்த வருடங்களில் என் ரத்தத்தை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தீப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் எடுத்திருக்க வேண்டும்.

உயிர் தங்கியது. ஆனால் குடி நின்ற உடம்பு பழிவாங்க ஆரம்பித்தது. உதறல், வியர்வை, பிறகு பிதற்றல். கட்டில் காலருகே அப்பா நிற்கிறார், டம்ளரை நீட்டுகிறார், "வா, பாதி வெச்சிருக்கேன்" என்று கூப்பிடுகிறார் என்று அலறினார். ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிந்தார். டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தூக்கி அந்த இல்லாத அப்பாவை அடித்தார். அது எனக்குத்தான் பட்டது. துணியால் கையைக் கட்டுகிறபோது நான் அமுக்கிப் பிடித்தேன். என் முழங்கைக்குக் கீழே கடித்தார். நாய் கடிக்கிற மாதிரி, விடாமல், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே. தழும்பு இன்னும் இருக்கிறது. மேல்வரிசைப் பற்கள் மட்டும்தான் பதிந்திருக்கின்றன. கீழ்வரிசையை நான்தான் சொம்பால் எடுத்திருந்தேன்.

தெளிந்த பிறகு என்னிடம் பேச மறுத்துவிட்டார். நான் ரத்தம் கொடுத்ததை மனைவி சொன்னதும், சுவரைப் பார்த்துக்கொண்டே, "அவன் ரத்தமாடி என் ஒடம்புல? கழட்டி எடுக்கச் சொல்லு" என்றாராம்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னார். இனி ஒரு சொட்டுக்கூடக் கூடாது. பாதியும் கூடாது, கால்வாசியும் கூடாது. இன்னொரு முறை உள்ளே வெடித்தால் காப்பாற்ற முடியாது.

நெடுஞ்சாலைக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். மத்தியானம். எதிர்ப்பக்கம், பெட்டிக்கடைகளைத் தாண்டி ஒரு சந்து. சந்தின் முனையில் காலி பாட்டில் பொறுக்குகிறவர் சாக்கோடு போய்க்கொண்டிருந்தார். அந்தச் சந்துக்குள் என்ன இருக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பங்காளி அந்தப் பக்கம் பார்த்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். பிறகு, பேசாமல், லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து நடக்க ஆரம்பித்தார்.

"அய்யோ, போறான்! புடிண்ணா!"

ஓடினேன். சந்து முனையில் எட்டிப் பிடித்தேன். அவர் முழங்கையால் என் விலாவில் இடித்தார். நான் இடுப்பைக் கட்டிக்கொண்டு கீழே சாய்த்தேன். புழுதியில் உருண்டோம். அவர் என் தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதினார். நான் லுங்கியை விடவில்லை. அந்த அம்மாள் வந்து இரண்டு செருப்பையும் கழற்றி, இரண்டு கையில் ஏந்தி, யார் முதுகு மேலே வந்ததோ அதில் அடித்தாள். லுங்கி என் கையோடு வந்துவிட்டது. பட்டாபட்டி டிராயரோடு பங்காளி நெடுஞ்சாலையோரம் நின்றார். ஒரு தனியார் பஸ் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது.

"யோவ்!" என்று கத்தினார். இருந்த பற்களுக்கிடையில் காற்று அடித்தது. "மூத்திரம் போவக் கூடாதாயா மனுசன்?"

அவர் சுவரோரம் போய், சொன்னதைச் செய்து காட்டினார். நிஜமாகவே நீண்ட நேரம் போனார். வரும்வரை நானும் அந்த அம்மாளும் அவர் முதுகைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திரும்பி வந்து லுங்கியைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டு, மைல்கல்லில் உட்கார்ந்தார். எனக்கு உதடு கிழிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாருக்கு ஊத்தினன்னு நீ இன்னும் சொல்லல," என்றார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் இதற்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அழகான வாக்கியங்கள். வாயில் வந்தது வேறு.

"எனக்குத்தான் பங்காளி. குடிக்காம இருக்க வேற வழி தெரியல. கைல வெச்சிருந்தா குடிச்சிடுவேன்."

"அப்ப செத்தவன் நீயி."

"ஆமா."

"தெனமும் செத்தியா?"

"தெனமும்."

"அதான் மூஞ்சி அப்பிடி இருந்திச்சி," என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கும் ஒருநாளு நீதான் ஊத்தணும். என் பசங்க மறந்துடுவானுங்க. ஆனா அவசரம் ஒண்ணும் இல்ல. இன்னா, புரிஞ்சிதா? ஜல்தி எதுவும் வேணாம்."

"நல்ல நேரத்துல இன்னா பேச்சு பேசுதுங்க பாரு ரெண்டு எருமையும்," என்றாள் அந்த அம்மாள். செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது.

இதை எழுதுகிற இன்று மாலை வரை அவர் குடிக்கவில்லை. நானும் குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் ஹாலுக்கு என்னோடு வருகிறார். வந்த முதல் வாரமே, புருவம் கிழிந்தவரோடு கைகலப்பு. நாளையைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

அன்றைக்குத் திண்டிவனம் பஸ் கூட்டத்தோடு வந்தது. பங்காளி எழுந்து, வீங்கிய காலோடு ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கும் சேர்த்து இடம் பிடித்தார். அந்த அம்மாள் முண்டியடித்து ஏறி, துண்டை எடுத்து என் முகத்தில் எறிந்துவிட்டு, அவர் பக்கத்தில் அவளே உட்கார்ந்தாள். நான் ஊர் வரை நின்றுகொண்டே போனேன்.